கோடுபளே தேடும் பயிற்சி

"விமலா, கோடுபளேயை எங்கதான் வச்சே?" கட்டிலுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டு கேட்டார் நாகபூஷணர். காலையிலிருந்து காப்பிக்குக் கடித்துக்கொள்ள அந்த வளைய முறுக்கில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"சொல்லிட்டா அப்புறம் மூளைக்கு என்ன வேலை? தேடுங்க!"

மைசூரில் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் அவர். போன மாதம் மேலதிகாரியின் பிரிவுபசார மேடையில் மைக்கைப் பிடித்தவருக்கு அதிகாரியின் பெயரே வரவில்லை. "இந்த... இந்த மகானைப் பற்றி..." என்று தடுமாறி இறங்கிவிட்டார். அன்றிலிருந்து மூளை கழன்றுவிட்டதென்று ஒரே பயம். சரியாகத் தூங்குவதுகூட இல்லை.

அவர் மனைவி விமலாக்ஷி ஒருநாள் வானொலியைத் திருப்பியபோது, வயதான மூளையைத் துருதுருவென்று வைத்திருக்கும் வழிகளை ஒரு டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில்தான் கேட்டாள். கேட்டவரை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். தின்பதை ஒளித்து வைத்துத் தேடவிட வேண்டும். தினமும் புது வழியில் நடக்கவிட வேண்டும். இனிப்பு ஆகாது. சரியாகச் செய்தால் உடனே தட்டிக்கொடுக்க வேண்டும்.

கோடுபளே அரிசி டப்பாவில் இருந்தது. எடுத்த வேகத்தில் அரிசி முழுவதும் தரையில்.

"போகட்டும், கண்டுபிடிச்சிட்டீங்க!" என்று முதுகில் தட்டினாள் விமலாக்ஷி.

புது வழி நடை அதைவிட மோசம். மூன்றாம் நாள் வழி தவறி, கேட்கலாமென்று ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் பெரியப்பா என்று முதல் பந்தியில் உட்கார்த்திவிட்டார்கள். தாம்பூலப் பையோடு வீடு திரும்பினார்.

"இனிப்பு ஆகாதுன்னு சொன்னேனே!"

"ரெண்டே ரெண்டு ஹோளிகேதான். சத்தியமா!"

"தனியா விட்டது என் தப்பு."

மறுநாள் அவளும் கூடப் போனாள். எந்தச் சந்தில் திரும்பினார்களோ, அதே மண்டபத்து வாசல். அன்று வரவேற்பு.

"பெரியப்பா வந்தாச்சு! பெரியம்மாவுமா!" மறுக்க மறுக்க மேடையேற்றி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். விமலாக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சிரஞ்சீவி சந்தீபன், சௌபாக்கியவதி மேகனா..." நாகபூஷணர் முந்தின நாள் பந்தியில் காதில் விழுந்த இரண்டு வீட்டுச் சம்பந்திகளின் பெயரையும் சேர்த்துக் கடகடவென்று சொல்லி ஆசீர்வதித்தார். மண்டபமே கைதட்டியது. விமலாக்ஷி மேடையிலேயே முதுகில் தட்டினாள்.

அந்த வாரமே டாக்டரிடம் போனார்கள். சோதனையில் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில்.

"ஒரு குறையும் இல்ல. மேடை பயம்தான் அன்னிக்குக் காலை வாரிவிட்டிருக்கு. நல்லாத் தூங்குங்க, நடையை விடாதீங்க, நாலு பேரோட பழகுங்க," என்றார் டாக்டர்.

"எல்லாம் ரேடியோ டாக்டர் புண்ணியம்!" என்று பெருமையோடு தன் குறிப்புத்தாளை நர்ஸிடம் நீட்டினாள் விமலாக்ஷி.

நர்ஸ் படித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பானாள்.

"அட, அந்த மிருக டாக்டர் பேசினதா! நான் ஆரம்பத்துலேருந்தே கேட்டேன்மா. எங்க வீட்டு நாய்க்கும் பன்னிரண்டு வயசு, இதையேதான் செய்யறோம். இப்ப வாலை என்னமா ஆட்டுது தெரியுமா!"