பதினைந்தாவது பிள்ளை

மரியாதைக்குரிய மச்சான் விஜயராகவன் அவர்களுக்கு,

தவளக்குப்பத்திலிருந்து தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் அருள்முருகன் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் மகள் அபியும் நலம். கமலாவும் நலமாக இருப்பதாக அபி மூலம் அறிகிறேன். அரியாங்குப்பத்தில் தாங்களும் அக்காவும் சின்னப் பிள்ளைகள் இருவரும் நலம்தானே? நான்கு கிலோமீட்டருக்குக் கடிதமா என்று நினைக்க வேண்டாம். நேரில் வந்தால் தாங்கள் என்னை முழுதாகப் பேச விட மாட்டீர்கள்.

கமலா தங்களிடம் சொன்னது உண்மை. அபியைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து எங்கள் தெரு அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்த்துவிட்டேன். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை அவள் சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் அவளிடம் நானே இன்னும் சொல்லவில்லை.

பதினைந்து பிள்ளைகளுக்குக் கீழே இருக்கும் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைப்பதாக மேலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் பள்ளியில் பதினாலு பேர். இணைப்பு என்பது காகிதத்தில் ஒரு வரிதான், ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போக ஆறு வயதுப் பிள்ளை கடலூர் சாலையைத் தாண்ட வேண்டும். பஸ்காரர்கள் அங்கே எப்படி வருவார்கள் என்று தங்களுக்குத் தெரியும். தலைமை ஆசிரியை நிர்மலா என்னைக் கூப்பிட்டு, "ஊரெல்லாம் பாலிசி புடிக்கிறீங்க சார், ஒரே ஒரு புள்ளைய புடிச்சிக் குடுக்க மாட்டீங்களா?" என்றார். நானும் அதே பள்ளியில் படித்தவன், சரி என்று கிளம்பினேன். இன்சூரன்ஸ் ஏஜெண்டு வருவதைப் பார்த்ததும் பாதி வீட்டில் கதவைச் சாத்தினார்கள், மீதி வீட்டில் வீட்டுக்காரர் குளிக்கிறார் என்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ழான்-மரி ஐயா மட்டும் உட்கார வைத்து காப்பி கொடுத்து, தன் பேத்தி ஏமாவுக்கு ஆறு வயது, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நான் படி இறங்கும்போது அவர் மனைவி ஜோசஃபின் அம்மா, "அது லீவுக்கு வந்த புள்ள தம்பி, அடுத்த வாரம் பிரான்சுக்கு, லியோனுக்குப் பிளைட்டு" என்றார். "போற வரைக்கும் படிக்கட்டுமே" என்று ஐயா உள்ளிருந்து சொன்னது கேட்டது.

கடைசியில் மீன் விற்கும் தனக்கொடி தன் பையனோடு பள்ளிக்கே வந்தாள். மூத்த பெண் அங்கேதான் நாலாவது படிக்கிறது. பையனையும் ஒன்றாவதில் சேர்த்தால் கணக்கு சரி. பிறப்புச் சான்றிதழைப் பார்த்த டீச்சரின் முகம் சுருங்கியது. மார்ச் கடைசிக்குள் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. பையனுக்கு ஏப்ரல் எட்டாம் தேதிதான் முடிகிறது.

"எட்டு நாள்தான டீச்சர்?" என்றேன்.

"எட்டு நாளோ எட்டு மாசமோ, கம்ப்யூட்டரு எடுத்துக்காது சார்."

"அப்ப அடுத்த வருஷம் சேத்துக்கலாம்" என்றாள் தனக்கொடி.

"அடுத்த வருஷம் இந்தப் பள்ளிக்கூடமே இருக்காதும்மா."

அவள் சான்றிதழை மடித்து இடுப்பில் செருகினாள். "நான் விடியக்காலம் வீராம்பட்டினம் போயி மீன் எடுக்கணும். பொண்ணு தனியா அந்த ரோட்டத் தாண்டுமா? நிறுத்திட வேண்டியதுதான். தம்பியப் பாத்துக்கும்" என்றாள். அழவில்லை, புலம்பவும் இல்லை, சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க அபி எங்க சார் படிக்குது?" என்றாள். சொன்னேன். "நல்ல பள்ளிக்கூடம். வேன் வாசலுக்கே வருதில்ல" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை மச்சான், அதனால்தான் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை வேன் வந்து ஹாரன் அடித்தது. கமலா அபியின் பள்ளி டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அபியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நான் தெருமுனையைத் தாண்டியிருந்தேன். இப்போது இரண்டு இடத்திலும் ஒரே சி.பி.எஸ்.இ. புத்தகம்தான் என்று அன்று சாயங்காலம் விளக்கினேன். "புக்க பத்தி யாரு கேட்டா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது, இன்றோடு பன்னிரண்டு நாள். சாப்பாடு, தண்ணி மோட்டார், சிலிண்டர் எல்லாம் அபி வழியாகத்தான். சில செய்திகளை அபி சுருக்கியே சொல்கிறாள் என்று நினைக்கிறேன். அவளுக்குப் புதுப் பள்ளி பிடித்திருக்கிறது. மூன்றாம் வகுப்பு வாரத் தேர்வில் மூன்றாவது ரேங்க் வாங்கினாள். வகுப்பில் மூன்று பேர்.

கமலா கேட்டது நியாயம்தான். அந்தத் தனியார் பள்ளி சீட்டுக்கு வரிசையில் நின்றவள் அவள், நான் இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்பாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை. தாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்து, அண்ணன் என்ற முறையில் அவளுக்கு எடுத்துச் சொல்லி என்னோடு பேச வைக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பம் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அருள்முருகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் நிர்மலா டீச்சர் வந்தார். புது உத்தரவு வந்திருக்கிறதாம், பதினைந்து போதாது, இருபது வேண்டுமாம். தனக்கொடியின் பெண் கதையையும் டீச்சர் சொல்லிவிட்டார். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கமலா வெளியே வந்தாள். "எத்தினி நாள் டைமு டீச்சர்?" "பத்து நாள்மா." "அஞ்சு புள்ளைங்கதான. இவர அனுப்புனா ஆவாது, நான் போறேன்" என்றவள், என் பக்கம் நேராகத் திரும்பி, "சோறு வடிச்சி வச்சிருக்கேன், போட்டு சாப்புடுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை வந்து எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டாம். அவள் எழுதி வைத்துவிட்டுப் போன பட்டியல் என் முன்னால் இருக்கிறது. முதல் இரண்டு பெயர்கள் தங்கள் பிள்ளைகளுடையவை. டி.சி. வாங்கி வைத்துவிடுங்கள் மச்சான்.