ஐந்து லிட்டர் விமர்சனம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "உங்கள் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் நம்பாதீர்கள். அவருக்கு வேண்டியது பாராட்டு. நேராகக் கேட்கக் கூச்சமாக இருப்பதால் சுற்றி வளைத்துக் கேட்கிறார், அவ்வளவுதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஒருமுறை அப்படிக் கேட்டவன். சும்மா இல்லை, ஊரையே கூட்டி வைத்து, கையில் சீட்டுக் கொடுத்துக் கேட்டவன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு, உத்திரமேரூர் பஜாரில் அப்பாவின் (எங்களுக்கு அவர் நைனா) பாத்திரக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உடம்புதான் ஸ்டூலில். மனசு முழுக்கக் கோடம்பாக்கத்தில். (யாராவது வந்து அண்டா கேட்டால், அண்டாவைக் காட்டாமல் அண்டாவை எந்தக் கோணத்தில் எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.)

அந்த ஆடி மாதம் நான் ஒரு குறும்படம் எடுத்தேன். ஏன் ஆடி என்றால், ஆடியில் முகூர்த்தம் கிடையாது. என் நண்பன் ஜப்பாரின் அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவர். அவருடைய கேமரா அந்த ஒரு மாதம் சும்மா கிடக்கும். ஜப்பார்தான் ஒளிப்பதிவு. எங்கள் கடை சேல்ஸ்மேன் ஏழுமலை அண்ணன்தான் கதாநாயகன். படத்தின் பெயர் 'அவன், ஏரி, அவன்'.

கதை கேட்கிறீர்களா? ஏழுமலை அண்ணன் ஏரிக்கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். எதையோ தேடுவார். பிறகு மறுபடி நடப்பார். பிறகு மறுபடியும். முதல் நடை இறந்தகாலம், இரண்டாவது நிகழ்காலம், மூன்றாவது எதிர்காலம். மொத்தம் பதினெட்டு நிமிஷம். வசனம் கிடையாது. நடுவில் ஓர் எருமை குறுக்கே வரும். அது திரைக்கதையில் இல்லை, தானாக வந்தது.

படம் முடிந்ததும் நைனாவிடம் போய் நின்றேன்.

"மெட்ராஸ் போறேன் நைனா. உதவி இயக்குநரா சேரப் போறேன்."

"உனுக்கு அந்த வேலை வரும்னு யாரு சொன்னது?"

"ஜப்பார் சொன்னான்."

"அவன் தெனம் நம்ம கடையில டீ குடிக்கிறவன். வேற இன்னா சொல்லுவான்?" நைனா தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஊரு சொல்லட்டும். ஜனங்க பாத்துட்டு நல்லாக்கீதுன்னு சொன்னாங்கன்னா, நானே உன்ன பஸ் ஏத்தி உடறேன். இல்லேன்னா வாய மூடிக்கினு கடையப் பாரு. பேச்சு பேச்சுதான்."

இதைவிட வேறென்ன வேண்டும்? ஊர் சொல்ல வேண்டும். ஊரைச் சொல்லவைப்பது எப்படி என்று யோசித்தபோதுதான் என் மண்டையில் அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. சோழர் காலத்திலேயே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஊரை ஆள ஆள் பிடித்தவர்கள் நாங்கள். கோயில் சுவரில் கல்வெட்டாகவே இருக்கிறது. வெளியூர்க்காரர் யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் குடவோலையைப் பற்றிச் சொல்லிவிடுவோம். ஆகவே என் படத்துக்கும் குடவோலை! ஆளுக்கு ஒரு சீட்டு. கருத்தை எழுதிக் குடத்தில் போடட்டும். குடத்துக்குப் பஞ்சமா? கடை முழுக்கக் குடம்தான்.

சீட்டுக்குக் காகிதம் வேண்டுமே. கடைப் பரணில் கட்டுக்கட்டாகச் சீட்டுகள் கிடந்தன. வருஷா வருஷம் ஆடியில் எங்கள் கடையில் குலுக்கல் நடக்கும். முதல் பரிசு ஐந்து லிட்டர் குக்கர். அந்த வருஷம் ஏனோ நைனா வேண்டாமென்று விட்டுவிட்டார். பழைய சீட்டு மிச்சம். முன்பக்கம் கடைப் பெயர், குக்கர் படம், பெயரும் ஊரும் எழுத இடம். பின்பக்கம் பளிச்சென்று காலி. நல்ல காகிதத்தை வீணாக்கலாமா? பின்பக்கத்தில் என் கேள்விகளை ஜெராக்ஸ் எடுத்தேன்.

ஒன்று, படத்தின் மையக்கருத்து என்ன? இரண்டு, உங்களை உலுக்கிய காட்சி எது? மூன்று, குறைகளைத் தயங்காமல் எழுதவும். கீழே, 'ஞாயிறு மாலை நான்கு மணி, கல்யாணச் சத்திரம். சீட்டைத் தவறாமல் கொண்டுவரவும்.'

முன்பக்கக் குலுக்கலைப் பேனாவால் குறுக்கே அடித்துவிட வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. (அவ்வளவு முட்டாள் இல்லை நான்.) முப்பது சீட்டு அடித்தேன். அதற்குமேல் கை வலித்தது. மிச்சத்தைப் படித்துப் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று விட்டுவிட்டேன். (அவ்வளவு முட்டாள்தான் நான்.) அடித்த முப்பதையும் பஸ் ஸ்டாண்டில் நானே கொடுத்தேன். மிச்சத்தை ஏழுமலை அண்ணன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சத்திரத்துக்குப் போனால் கூட்டமான கூட்டம்! இருபது பேர் வந்தால் பெரிது என்று நினைத்தவன் முன்னால் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாலவாக்கத்திலிருந்துகூட பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நல்ல சினிமாவுக்கு மக்கள் இப்படி ஏங்கிக் கிடக்கிறார்களே, இத்தனை நாள் தெரியாமல் போனதே என்று நெஞ்சு விம்மியது.

வாசலில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அஞ்சு லிட்டர்தானே? போன தடவ மூணு லிட்டர் குடுத்து ஏமாத்திட்டாங்கன்னு சொல்றாங்களே?"

ஏரியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "அம்மா, அந்த ஏரி ஒரு குறியீடு. அதை லிட்டர்ல அளக்க முடியாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மணமக்கள் உட்காரும் மேடையில் வாடகை டி.வி.யை வைத்துப் படத்தைப் போட்டோம். பதினெட்டு நிமிஷமும் ஒருவரும் எழுந்து போகவில்லை. குழந்தை அழுதால்கூட, "உஸ், இப்ப முடிஞ்சிரும்" என்று அடக்கினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நைனாவே திரும்பித் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். எனக்கு மெட்ராஸ் பஸ்ஸின் ஹாரன் சத்தமே கேட்டுவிட்டது.

படம் முடிந்து குடத்தை நடுவில் வைத்தவுடன், அடேயப்பா, என்ன தள்ளுமுள்ளு! எல்லோரும் போட்டு முடித்ததும் நான் மைக்கைப் பிடித்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தேன்.

"மையக்கருத்து: மிக அருமை. உலுக்கிய காட்சி: எல்லாமே. குறை: கிடையவே கிடையாது."

அடுத்த சீட்டு. "சூப்பர். சூப்பர். சூப்பர்."

இன்னொன்றில், 'உங்கள் கடைச் சாமான் எப்போதும் தரமானது' என்று இருந்தது. 'தரமானது' என்பதை மட்டும் சத்தமாக வாசித்தேன். வேறொன்றில், 'போன வருஷமும் எனக்கு விழவில்லை, இந்த வருஷமாவது பார்த்துச் செய்யவும்' என்று இருந்தது. புதுக்கவிதை என்று நினைத்துப் பத்திரமாகத் தனியே வைத்தேன். அடித்த சீட்டுகள் இரண்டு மூன்று வந்தன. அவற்றில் ஒன்றுமே எழுதவில்லை. படம் பார்த்த அதிர்ச்சியில் வார்த்தை வரவில்லை போலும்!

இருபது சீட்டு வாசிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீதியைக் குடத்திலேயே விட்டுவிட்டு நன்றியுரை ஆற்றினேன். இந்த மண் என்னைப் புரிந்துகொண்டது என்றேன். மெட்ராஸ் போனாலும் உங்களை மறக்க மாட்டேன் என்றேன். குடவோலை கண்ட ஊருக்குத் தலைவணங்குகிறேன் என்று நிஜமாகவே குனிந்தேன்.

குனிந்து நிமிர்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதெல்லாம் சரி தம்பி. எப்போ குலுக்குவீங்க? பஸ் போய்க்கினு கீது!"

"இன்னா குலுக்கறது?" என்றேன்.

"குக்கருதான்! பொறவு இன்னாத்துக்கு இம்மா நேரம் ஏழுமல நடக்கறதப் பாத்துக்கினு இருந்தோம்?"

சத்திரமே ஆமாம் போட்டது. "நல்லா எழுதுனாத்தான் சீட்டு வுழும்னு சொன்னாங்களே!" என்றார் வாசலில் பார்த்த அம்மா. அப்போதுதான் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். குக்கர் என்னைப் பார்த்தது.

"ஐயா, அம்மா, இது குலுக்கல் இல்லீங்க. குடவோலை மாதிரி..." என்று இழுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வரலாறு எடுத்த வாத்தியார் எழுந்து நின்றார். "டேய், கல்வெட்ட ஒழுங்கா படிச்சியா? குடவோலைனாலே குடத்த நல்லாக் குலுக்கிச் சீட்டு எடுக்கறதுதாண்டா. ஜனங்க கேக்கறதுதான் சரி."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நம்ம கடை பேரு போட்டுக்கீது. குக்கர்னு போட்டுக்கீது. குடுக்கலேன்னா நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு கடையத் தொறக்கறது? ஏழுமல, போய் அஞ்சு லிட்டர் எடுத்துக்கினு வா."

ஏழுமலை அண்ணன் ஓடினார். படத்தில் அந்த வேகத்தில் நடந்திருந்தால் நாலு நிமிஷத்தில் முடிந்திருக்கும். குக்கரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது விசில் பறந்தது. அன்றைக்கு விழுந்த ஒரே கைதட்டல் அதுதான்.

"நீயே எடு" என்றார் நைனா. எல்லாச் சீட்டையும் மறுபடி உள்ளே போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். அது நான் பேனாவால் அடித்த சீட்டு. 'கோமளா, சாலவாக்கம்' என்று எழுதியிருந்தது.

"அடிச்ச சீட்டு செல்லாது! வேற எடு!" என்று கூட்டம் கத்தியது.

நடுவில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பக்கத்தில் அவள் அம்மா சேலையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் அடிக்கல. பஸ் ஸ்டாண்டுல இவருதான் குடுத்தாரு. குடுக்கறப்பவே அடிச்சிதான் இருந்துச்சி. அப்ப பரிசு இல்லன்னுதான் நெனச்சேன். கேட்டிருந்ததுக்குப் பதில் மட்டும் எழுதிப் போட்டேன்."

"பின்னாடி இன்னா எழுதிக்கீது? படி" என்றார் நைனா. நான் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். "சத்தமா" என்றார்.

படித்தேன். "மையக்கருத்து: தெரியவில்லை. உலுக்கிய காட்சி: எருமை குறுக்கே வந்தது. அது மட்டும்தான் நிஜமாக இருந்தது. குறை: அவர் எதைத் தேடுகிறார் என்று கடைசிவரை சொல்லவில்லை. மூன்று தடவை நடக்கிறார். மூன்றும் ஒரே நடைதான். ஒன்று போதும்."

சத்திரம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஜப்பார் கேமராப் பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தான். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எழுதியது பொய்யாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் எழுதியது அத்தனையும் சரி. அதுதான் வலித்தது.

நைனா குக்கரை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். "இத்தினி பேர்ல இந்தப் பொண்ணு ஒண்ணுதான் படத்தப் பாத்துக்கீது. குக்கரு இதுக்குத்தான்" என்றார். கூட்டம் பஸ்ஸைப் பிடிக்க எழுந்தது. கடைக்குக் கூட்டிப்போய் மூடியில் அவள் பெயரை வெட்டியும் கொடுத்தார்.

அவர்கள் போனபிறகு என்னிடம் வந்தார். "நூறு பேருக்கு மேல நல்லாக்கீதுன்னு எழுதிக்கிறாங்க. பேச்சு பேச்சுதான். மெட்ராஸ் போறதுன்னா போ, நான் தடுக்கல. ஆனா அத்தனையும் குக்கருக்கு எழுதுனதுன்னு உனுக்கும் தெரியும், எனுக்கும் தெரியும்."

நான் போகவில்லை. படத்தைத் திருத்திக்கொண்டு போகலாம் என்று ரோஷத்தோடு உட்கார்ந்தேன். அவள் சொன்னபடி இரண்டு நடையை வெட்டினேன். ஆறு நிமிஷம் மிஞ்சியது. எதைத் தேடுகிறார் என்று எனக்கே தெரியாததால் தேடுவதையும் வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது எருமை மட்டும்தான். நாற்பது விநாடி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நான் இயக்கவில்லை. அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது. மறுநாள் காலையில் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

நாலு வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். சாலவாக்கத்தில் நல்ல இடம் என்றார் அம்மா. காபித் தட்டோடு வந்த பெண்ணைப் பார்த்ததும் பஜ்ஜி எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தனியாகப் பேசச் சொன்னார்கள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இன்னும் படம் எடுத்துக்கினு கீறீங்களா?"

"இல்ல."

"அப்ப சரி" என்றாள்.

சீர்வரிசையில் அந்தக் குக்கரும் வந்து இறங்கியது. மூடியில் நைனா வெட்டிய பெயர் அப்படியே இருந்தது. எங்கள் கடையிலிருந்து போன சாமான் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்ததில் நைனாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வந்தவர் போனவருக்கெல்லாம் கதையோடு சேர்த்துக் காட்டினார்.

இத்தனை வருஷத்தில் கைப்பிடி மாறிவிட்டது, ரப்பர் பத்துத் தடவை மாறிவிட்டது, குக்கர் மட்டும் அதேதான். இன்றைக்கும் நான் கூடத்தில் உட்கார்ந்து யாருக்காவது எதையாவது இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தால், சமையலறையிலிருந்து மூன்றாவது விசில் வரும்வரை கோமளா பொறுத்துக்கொள்வாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

"பருப்புக்குத்தாங்க மூணு. உங்க கதைக்கு ஒண்ணு போதும்."