கோட்டை வாசலும் எத்தனாம்பக்கமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவது வரை படித்தவன் நான். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கோபம் மட்டும் ஆறவே இல்லை. மாரியம்மன் மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பிக்கிறேன்.

உலகத்திலேயே அதிகம் பேரை எரிச்சல்படுத்திய மனிதர் பூதலூருக்குத் தெற்கே எங்கள் தெருவில்தான் இருந்தார். தஞ்சாவூரில் சர்க்கார் ஆவண அறையில் நகல் எழுதி ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும், "எந்தப் புஸ்தகம்? எத்தனாம் பக்கம்?" என்பார். பெயரே எத்தனாம்பக்கம் என்றாகிவிட்டது. சொந்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "எங்க பாட்டனார் உங்க ஊர்க் கோட்டையில தளபதிங்க" என்று பெருமையடிக்க, "ஆதாரம் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார். கேசரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு வீடு டிஷ் ஆன்டெனா முளைத்த காலம். சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர், எங்கள் ஊர் இடிந்த கோட்டையை ஓட்டலாக்க வாங்கினார். முதல் வேலையாக வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார். மாரியம்மன் பல்லக்கு அந்த வாசல் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். கேட்டதற்குப் பளபள காகித விளம்பரம் ஒன்றை நீட்டினார். அது ராணியின் அந்தப்புர வாசலாம். வெளியாள் கால் வைத்ததே இல்லையாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மா வெளியாளா?

நாங்கள் மட்டும் சும்மா இருப்போமா? "ராஜாவே பல்லக்குச் சுமந்த வாசல்" என்று கல்லில் வெட்டி, சாணிப்பாலும் புளிக்கரைசலும் பூசிப் பழசாக்கி, கோயில் சுவரில் பதித்தோம். யோசனை என்னுடையது.

தாசில்தார் விசாரணைக்கு வந்தார். கல்லைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அது போன மாசம் வெட்டினதுங்க" என்றார் எத்தனாம்பக்கம்.

"யோவ், நீ எந்த ஊர்க்காரன்யா?" என்று கத்தினேன்.

"இந்த ஊருதான். அதுக்காக அம்மாவப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கலாமா?"

பிறகு ஓட்டல்காரர் பக்கம் திரும்பினார். "அந்தப்புரம்னு யாருங்க சொன்னது?"

"இதுல போட்டிருக்கே!"

"இது நீங்க அடிச்சது. உங்களுக்கு யார் சொன்னா?"

"மேனேஜர்."

"மேனேஜருக்கு?"

ஓட்டல்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

எத்தனாம்பக்கத்தின் மஞ்சள் பையிலிருந்து ஒரு நகல் வந்தது. வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் பதிவேடு. மூன்று மாதம் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி இறங்கி எடுத்திருக்கிறார். "ராஜா சுமந்தாரான்னு தெரியலீங்க. ஆனா வாசல் வழியா ஆத்தங்கரை வரைக்கும் ஊர்ப் பொதுப்பாதை. பாருங்க."

தாசில்தார் தஞ்சாவூரில் இருந்த அசலோடு ஒத்துப் பார்த்தார். கதவு கழன்றது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எல்லார் முன்னாலும் எத்தனாம்பக்கம் எங்கள் மானத்தை வாங்கிவிட்டாராம்! அந்தத் திருவிழாவில் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு அவர் தன் வீட்டு வாசலில் நின்றார். பல்லக்கு நிற்காமல் போயிற்று. "நிறுத்தாதீங்கடா" என்று சொன்ன வாய் இந்த வாய்தான். மறு வருஷம் அந்த வாசலில் நிற்க அவர் இல்லை. இத்தனை வருஷமாக ஆறாத கோபம் என் மேல்தான்.

அம்மா அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருப்பாள். நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு சொல் கூட்டாமல், என் பங்கைக் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த மனிதருக்கு அதுதான் பிடிக்கும்.