அரைச்சாவி அண்ணன்

நாமக்கல்லிலேயே, ஏன், காவிரிக்கு இந்தப் பக்கம் முழுவதுமே, ஒரு பாட்டையும் கடைசிவரை கேட்காமல் பெரிய ரசிகர் என்று பெயரெடுத்தவர் எங்கள் அரைச்சாவி அண்ணன் ஒருவர்தான்.

லாரிப் பட்டறைக்காரர். பத்து டன் தாங்கும் லாரி ஸ்பிரிங் பட்டையைச் சம்மட்டியால் சாத்தி வளைப்பார். வீட்டுக்கு வந்தால், பழைய கிராமபோன் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங்குக்கு அப்படிப் பயப்படுவார். முப்பது சுற்று சாவி கொடுத்தால்தான் ஒரு தட்டு முழுதாக ஓடும். அண்ணன் பதினைந்தோடு கையை எடுத்துவிடுவார். தெரு அவருக்குப் பெயர் வைத்தது அதனால்தான். பாதிப் பாட்டில் வேகம் குறைந்து, பாடுகிற அம்மாளின் குரல் மெல்ல இறங்கி, மீசைக்காரர் யாரோ கொட்டாவி விடுவதுபோல் முடியும்.

"போதுமுங்க சார். வயசான ஸ்பிரிங்கு. அறுந்தா வேற எங்க போயி வாங்கறது?" என்பார், மாடியில் குடியிருந்த என்னிடம்.

வருஷத்துக்கொரு முறை மோட்டாரைக் கழற்றி, காய்ந்த கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிதாகப் பூசுவார். ஸ்பிரிங் துள்ளி முகத்தில் அடிக்குமாம், அதற்காக ஹெல்மெட். பைக் ஓட்டும்போது அந்த ஹெல்மெட்டை நான் பார்த்ததே இல்லை. ஒரு தீபாவளிக்கு வந்த மச்சினன் ஆசையாகப் பதினாறாவது சுற்றைச் சுற்றிவிட்டார். அடுத்த தீபாவளி வரை அவரோடு பேச்சு இல்லை.

அண்ணனின் மனைவியை நான் அக்கா என்பேன். அவருக்கு ஒரு தாலாட்டுத் தட்டு என்றால் உயிர்.

"கண்ணாலமான நாள்லருந்து கேக்கறனுங்க சார். அந்தக் கொழந்தை தூங்குச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலீங்க!"

அந்த அக்காவுக்குக் காது மங்கியது. ஒரு காது போய்விட்டது, மற்றதும் சில மாதம்தான், கருவி வைத்தும் பயனில்லை என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அண்ணன் கிராமபோன் குழாய்க்கு எதிரே நாற்காலி போட்டு அக்காவை உட்காரவைத்தார். சாவியைச் சுற்றினார். பதினைந்து. பதினாறு. பதினேழு. நானே இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"ஏனுங்க, அறுந்துருமுங்க!" என்று அக்கா பதறினார்.

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது! நீ கேளு கண்ணு!" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

முப்பதும் சுற்றினார். ஸ்பிரிங் தாங்கிக்கொண்டது. தட்டு கடைசிவரை ஓடி நின்றதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தூங்கிருச்சுங்க."

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அக்காவுக்கு இப்போது எதுவுமே கேட்பதில்லை. ஓடுகிற பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் அடுத்த தட்டுக்கும் முப்பது சுற்று கொடுத்தார். தெருவுக்கு அவர் இன்னும் அரைச்சாவிதான். எனக்குத்தான் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.