சதுக்கத்துக்குப் போகும் பீப்பாய்

அர்சேன் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். மேலே தட்டினால் ‘டொம்’. நடுவில் தட்டினாலும் ‘டொம்’. குனிந்து தொடை உயரத்தில் தட்டிய பிறகுதான் ‘டக்’ என்று கெட்டியாகச் சத்தம் வந்தது.

“பாதி போச்சு,” என்றார் பீப்பாயிடம்.

வியாழக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நவம்பர் மூன்றாவது வியாழன் மதியம், வல்ரோன் ஊரின் மாதா கோயில் சதுக்கத்தில் புது ஒயின் பீப்பாய் ஒன்று திறக்கப்படும். யார் வீட்டுப் பீப்பாய் என்பதை அறுவடை முடிந்ததும் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அர்சேன் சீட்டுப் போட்டார். இந்த வருஷம்தான் அவர் பெயர் வந்தது. அன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதார். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத மனிதர். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வந்த முதல் மேளதாளம் இதுதான்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. போன வருஷம் யாருடைய பீப்பாயோ, அவர்தான் இந்த வருஷப் பீப்பாயில் முதல் வாய் குடித்துவிட்டு, ஊர் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போன வருஷம் பக்கத்து வீட்டு கோந்த்ரானுடைய பீப்பாய்.

“அர்சேன் ஒயினா? ஜன்னல் கண்ணாடி துடைக்கலாம், பளபளன்னு இருக்கும்.” கோந்த்ரான் இதை இருபது வருஷமாக, வார்த்தை மாற்றாமல் சொல்லி வருகிறார்.

இந்தத் தடவை அந்த வாயை அடைக்கிற மாதிரி ஒயின் அமைந்திருந்தது. நிறம் நாவல்பழச் சாறு போல. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே நசுக்கிய காட்டுப்பழ வாசம் வரும். குடித்தால் தொண்டையை உறுத்தாமல், சிரித்துக்கொண்டே உள்ளே இறங்கும். மற்றதையெல்லாம் பாட்டிலில் அடைத்து லியோனுக்கும் ஜப்பானுக்கும் லாரி ஏற்றியாகிவிட்டது. மேட்டுத் தோட்டத்துப் பழைய திராட்சைக் கொடிகளின் ஒயினை மட்டும் இந்த ஒரு பீப்பாயில் வைத்திருந்தார்.

அது எப்படிப் பாதியானது? நவம்பரில் நிலவறைக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் ஒரு கிளாஸ் கொடுத்தே தீர வேண்டும். வருகிறவர் கேட்கவும் மாட்டார். “இந்த வருஷம் எப்படிப்பா?” என்பார். அதற்கு வாயால் பதில் சொல்வது மரியாதை இல்லை.

சீட்டு விழுந்த நாளிலிருந்து ஊரே அர்சேனின் நிலவறைக்கு வந்து “எப்படிப்பா?” என்றது. குடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். போய் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள்.

போதாக்குறைக்கு கோந்த்ரானின் மனைவி ஓதில். பின்பக்கக் கதவு வழியாக எனாமல் கூஜாவோடு வருவாள்.

“அடுப்புல கோழி. கொஞ்சம் ஒயின் ஊத்துங்க, வேகணும்.”

“உங்க வீட்டுலயே ஒரு பீப்பாய் இருக்கே, ஓதில்?”

“அதைத் தொட்டா அவர் மனுஷனா இருக்க மாட்டார்.”

காலையில் ஒரு கோழி, சாயங்காலம் ஒரு கோழி. கூஜா என்னவோ தவலை மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே வந்துவிட்டாளே, இல்லை என்று எப்படிச் சொல்வது? அர்சேன் ஊற்றினார். அவளும் போகும்போது ஒரு வாய் குடித்துவிட்டு, “தங்கம்” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அடுத்த தடவையும் கூஜாவை விளிம்புவரை நிரப்பினார்.

ஆக, பீப்பாயைக் காப்பாற்ற ஒரே வழி, யாரையும் உள்ளே விடக் கூடாது. அர்சேன் ஒரு அட்டையில் ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதிக் கதவில் மாட்டினார்.

அரை மணி நேரத்தில் தபால்காரி ஃபெர்னாந்த் சூப்போடு வந்து நின்றாள்.

“என்னண்ணே, காய்ச்சலா?”

“ஆமா. குளிருது. நீ கிளம்பு, ஒட்டிக்கும்.”

“குளிருக்கு உங்க ஒயினை விட மருந்து இருக்கா? ஒரு கிளாஸ் குடிங்க. நானும் துணைக்குக் குடிக்கிறேன். சீக்காளியைத் தனியாக் குடிக்க விடலாமா?”

அவளுக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரர், பாதிரியார், பள்ளிக்கூட டீச்சர். ஆளுக்கொரு சூப், ஆளுக்கொரு கிளாஸ். அன்று மாலை அர்சேனிடம் பதினோரு பாத்திரம் சூப் இருந்தது. பீப்பாயில் ஒரு சாண் குறைந்திருந்தது.

சரி, ஆளே இல்லாத மாதிரி இருந்துவிடலாம். காரைக் கொட்டகைக்குப் பின்னால் விட்டார். கதவைப் பூட்டினார். ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் எடுத்துக்கொண்டு நிலவறையில் போய்ப் பீப்பாய்க்குக் காவல் உட்கார்ந்தார். தெருக்கதவைத் தட்டியவர்கள் தட்டிவிட்டுப் போனார்கள். பின்கதவை ஓதில் கூஜாவாலேயே தட்டினாள். கோழி தீய்ந்துவிடுமே என்று அவளுக்கு மட்டும் திறந்தார்.

இரண்டாம் நாள் காலை, தபால்பெட்டியில் முந்தின நாள் கடிதங்கள் அப்படியே கிடப்பதைப் பார்த்தாள் ஃபெர்னாந்த். காய்ச்சல்காரர், தனி ஆள், கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. அவள் மேற்கொண்டு யோசிக்கவில்லை. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஏழு பேர் ஏணி வைத்து ஏறி, ஜன்னலை உடைத்து இறங்கினார்கள். நிலவறையில் அர்சேன் வாயில் சீஸோடு உட்கார்ந்திருந்தார்.

“உயிரோடதான் இருக்கார்,” என்று கேப்டன் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

வெளியே கூடியிருந்த கூட்டம் கை தட்டியது. ஃபெர்னாந்த் கட்டிப்பிடித்து அழுதாள். அர்சேனுக்கும் கண் கலங்கிவிட்டது. தனக்கு ஒன்று என்றால் ஏணி வைத்து ஏறி வர இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அந்த நெகிழ்ச்சியில் அவரே கிளாஸ்களைத் தேடி எடுத்தார்.

கேப்டன் குடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். “ஐயா, இந்த மாதிரி ஒயினைக் காப்பாத்தக் கூப்பிட்டிருந்தா ஏழு பேர் பத்தாதே. இன்னொரு வண்டியும் எடுத்துட்டு வந்திருப்போம்.”

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது முழங்கால் உயரத்தில் தட்டினாலும் ‘டொம்’ என்றது.

கடைசியாக அர்சேன் தன் பிள்ளையைத் தானே திட்டுவது போல ஒரு காரியம் செய்தார். ரொட்டிக்கடையில் நின்றுகொண்டு, “இந்த வருஷம் நமக்கு அமையலை. புளிச்சுப் போச்சு,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

புளித்ததைக் குடிக்க யார் வருவார்கள் என்று அவர் கணக்கு. வந்தது மேயரும் விழாக் கமிட்டியும்.

“ஊர் மானம், அர்சேன். புளிச்ச பீப்பாயைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோனா கோந்த்ரான் நம்மளை விடுவாரா? ஊத்துங்க, பார்த்துடலாம்.”

ஆறு பேர் குடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எனக்குப் புளிப்புத் தெரியலை,” என்றார் மேயர்.

“எனக்கும். ஆனா கமிட்டின்னு வந்தா ஒரு கிளாஸை வச்சு முடிவு சொல்ல முடியாதே.”

மூன்று சுற்றுப் பார்த்த பிறகு புளிப்பே இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். இருபது வருஷத்தில் இப்படி ஒரு புது ஒயின் வல்ரோனில் பிறந்ததில்லை என்று மேயர் சொன்னார். அர்சேன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர்கள் படியேறிப் போனதும் பீப்பாயைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு வாளிகூடத் தேறாது.

புதன்கிழமை காலை மதில் மேல் கோந்த்ரானின் தலை தெரிந்தது.

“ஏம்பா, ஜன்னல் துடைக்கிற தண்ணி ரெடியா?” என்றார். “என் பீப்பாயில என்னமோ நடக்குது, தெரியுமா? மாசம் பொறந்தப்ப சுமார்தான். இப்ப நாளுக்கு நாள் ருசி ஏறுது. கடவுளா பார்த்துக் கை வைக்கிறார். நாளைக்கு உன் ஒயினைக் குடிச்சுட்டு என்ன சொல்லப் போறேனோ, எனக்கே பாவமா இருக்கு.”

சொல்லிவிட்டு, நாளைய விழாவுக்கு முடிவெட்டிக்கொள்ளப் பக்கத்து டவுனான வில்ஃப்ரான்ஷுக்குக் கிளம்பிப் போனார்.

அர்சேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து, நாளை ஊரின் நடுவில் காலிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் ஓதில் கூஜாவோடு வந்தாள். பீப்பாயைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கூஜாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஓதில்,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. “கேட்கக் கூடாது. ஆனா கேட்கிறேன். உங்க பீப்பாயிலேர்ந்து பாதி…”

அவளுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க? உங்க வீட்டுதுன்னு நெனச்சு எடுத்துக்கோங்க.”

“கோந்த்ரானுக்குத் தெரிஞ்சா?”

“அவர் பீப்பாயை நான் பார்த்துக்கறேன். இத்தனை நாளும் நான்தானே பார்த்துக்கிட்டேன்.”

பின்கதவு வழியாகப் பன்னிரண்டு வாளி சுமந்தார்கள். வெட்கத்தில் அர்சேன் அதில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. எதிரியின் ஒயினைத் தன் பீப்பாயில் ஊற்றுகிறவனுக்கு ருசி பார்க்கிற தகுதி இல்லை என்று நினைத்தார்.

வியாழன் மதியம் மணி அடித்தது. சதுக்கத்தில் சாசேஜ் வாசமும் பேண்டு சத்தமும். தீயணைப்புக்காரர்கள் ஏழு பேரும் முன்வரிசையில் நின்றார்கள். மேயர் மரச் சுத்தியலால் அடித்துக் குழாயை இறக்கினார். நாவல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. முதல் கிளாஸ் கோந்த்ரான் கைக்குப் போனது.

கோந்த்ரான் முகர்ந்தார். புருவம் நெரிந்தது. குடித்தார். மறுபடி குடித்தார். பேண்டு நின்றுவிட்டது.

“இது,” என்றார் கோந்த்ரான் மெதுவாக, “என் ஒயின் மாதிரியே இருக்கு.”

கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அதாவது, இந்த ஊர்ல என் ஒயினுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி இன்னொருத்தன் செய்வான்னு நான் நெனைக்கலை. இருபது வருஷமா இவனைப் பத்தித் தப்பாப் பேசிட்டேன்.” கிளாஸைக் கீழே வைத்தார். ஊர் பார்க்க அர்சேனை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். சதுக்கமே ஆர்ப்பரித்தது. பேண்டு மறுபடி ஆரம்பித்தது.

அர்சேன் தோளில் கைகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் குறுகினார். கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓதிலிடம் போனார்.

“என்னால முடியலை, ஓதில். இந்தப் பேர் அவருக்குப் போக வேண்டியது. மேடையேறிச் சொல்லிடறேன். இது உங்க வீட்டு ஒயின்னு.”

ஓதில் அவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்தாள். “முதல்ல குடிங்க.”

குடித்தார். நசுக்கிய காட்டுப்பழம். மேட்டுத் தோட்டம். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரர் தன் பீப்பாயை மாசம் பொறந்த நாலாம் நாளே குடிச்சுத் தீர்த்துட்டார்,” என்றாள் ஓதில், “அப்புறம் அவருக்குத் தெரியாம அதை நான் எதை ஊத்தி நிரப்பினேன்னு நெனச்சீங்க? எங்க வீட்டுல யாரும் கோழியே சாப்பிடறதில்லை.”