உறை பிரியாத சலவை இயந்திரமும் அதிர்வு ஆய்வுக் குழுவும்

பொருள்களைப் பயன்படுத்தியவர்கள் இவ்வுலகில் கோடிக்கணக்கானோர் உண்டு. அவர்களுள் ஒருவரும் பாராட்டுக்குரியவர் அல்லர். பயன்படுத்துதல் என்பது குழந்தைக்கும் கைவரக்கூடிய எளிய செயல். வாங்கிய பொருளை வாங்கிய நாளில் இருந்தபடியே வைத்திருத்தல்தான் அரிய கலை. அக்கலையில் கரை கண்டவர் ஒருவரே. அவர் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிடங்குக் கண்காணிப்பாளராக வீற்றிருந்தார்.

அவருடைய திறமைக்கு ஒரு சான்று போதும். ஒருமுறை அலுவலகத்தின் பதிவேட்டு அறையில் தீப்பிடித்தது. எழுத்தர்கள் தலைதெறிக்க ஓடிவந்து தீயணைப்பான் கேட்டனர். கோரிக்கைப் படிவம் இரண்டு பிரதிகளில் வேண்டும் என்று கண்காணிப்பாளர் அமைதியாகக் கூறினார். படிவம் அந்தப் பதிவேட்டு அறையில்தான் இருந்தது. பதிவேடுகள் சாம்பலாயின; கூரை இறங்கியது; கிடங்கிலிருந்த நாற்பது தீயணைப்பான்களும் ஒரு சிராய்ப்பும் இன்றித் தப்பின. அவ்வாண்டின் 'சிறந்த பராமரிப்பு'ச் சான்றிதழ் அவருக்கே வழங்கப்பட்டது.

அலுவலகத்தில் ஒரு நெறி, வீட்டில் ஒரு நெறி என்று வாழ்பவர் அல்லர் அவர். இரண்டாம் மாடியில் அவர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில், சோபா தன் பாலிதீன் உறையோடு ஒன்பதாம் ஆண்டில் அடியெடுத்து வைத்திருந்தது. அதில் அமர்ந்தவர் எழுந்தால், உறையும் அவரோடு சிறிது தூரம் எழுந்து வழியனுப்பும். தொலைக்காட்சியின் ரிமோட் உறைக்குள்ளே இருந்தபடியால், ஒலியைக் குறைக்கக் கட்டைவிரலும் மன உறுதியும் தேவைப்பட்டன. குளிர்பதனப் பெட்டியின் கதவில் கடைக்காரர் ஒட்டிய விளம்பரத் தாள் ஒட்டியபடியே இருந்தது. வீட்டுக்கு வந்த பொருள்களின் கையேடுகள் இருபத்தாறும் பிரிக்கப்படாமல் பீரோவின் மேல்தட்டில் துயின்றன. இம்முறைக்குக் கண்காணிப்பாளர் சூட்டியிருந்த பெயர் 'புதுமைப் பாதுகாப்பு' என்பதாகும்.

இத்தகைய இல்லத்திற்குச் சலவை இயந்திரம் வர நேர்ந்தது ஒரு மருத்துவரால். கண்காணிப்பாளரின் மனைவிக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதை அழுத்திப் பார்த்த மருத்துவர், "இனிமே துணி பிழியவே கூடாதும்மா. பிழிஞ்சீங்கன்னா அப்புறம் இந்தக் கையால பேனாகூடப் பிடிக்க முடியாது," என்று சொல்லிவிட்டார். கண்காணிப்பாளர் மூன்று வாரம் ஆழ்ந்து சிந்தித்து, கனத்த மனத்துடன் ஒப்புதல் அளித்தார்.

இயந்திரம் வந்த நாளில் அவரே நேரில் நின்று மேற்பார்வையிட்டார். அட்டைப்பெட்டியை நீக்க மட்டும் அனுமதி கிடைத்தது. உள்ளிருந்த பாலிதீன் உறையில், துணி போடும் கதவுக்கு நேராக ஒரு வட்டமும், பின்புறம் குழாய்க்கும் மின்கம்பிக்கும் ஒரு கீறலும் வெட்டப்பட்டன. நிறுவனத்தின் ஆள் மறுநாள் வந்து முறைப்படி பொருத்தித் தருவார் என்று கொண்டுவந்தவர்கள் கூறினர். கண்காணிப்பாளர் அச்சலுகையை நன்றியுடன் மறுத்தார். வருகிறவர்கள் எதையாவது கழற்றிப் போட்டுவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவ அறிவு. இயந்திரத்தின் வயிற்றுக்குள் கையேடும் வேறு சில்லறைப் பொருள்களும் அடங்கிய ஒரு முத்திரையிட்ட பை இருந்தது. அதைத் தம் கையாலேயே எடுத்துச் சென்று, பீரோவில் இருபத்தேழாவது இடத்தில் அமர்த்தினார்.

முதல் சலவை இனிதே தொடங்கியது. துணிகள் புரண்டன; நுரை எழுந்தது; மனைவியார் தம் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்து பார்த்தார். பிறகு பிழியும் கட்டம் வந்தது. இயந்திரம் முனகியது. முனகல் உறுமலாயிற்று, உறுமல் இடியாயிற்று. அலமாரியில் இருந்த கரண்டிகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. அடுத்த நிமிடத்தில் இயந்திரம் சமையலறையைத் தாண்டிக் கூடத்தை நோக்கிப் புறப்பட்டு, குழாய் எட்டிய மட்டும் வந்து, கயிறு தடுத்த கன்றுக்குட்டி போல நின்று துள்ளியது.

மூன்றாம் சலவையின்போது கீழ் வீட்டில் வசித்த வீட்டு உரிமையாளர் சாப்பாட்டுத் தட்டோடு மேலேறி வந்தார். அவர் கத்தவில்லை. தட்டை நீட்டிக் காட்டினார்.

"சார், என் சோத்துல உங்க வீட்டுத் தரை கெடக்கு."

தட்டில் சுண்ணாம்புக் காரைத் துண்டுகள் மூன்று இருந்தன. கண்காணிப்பாளர் அவற்றைக் கூர்ந்து நோக்கினார். சாதாரண மனிதராயின் இயந்திரத்தைக் குனிந்து பார்த்திருப்பார். அவர் அன்று மாலையே 'அதிர்வு ஆய்வுக் குழு'வை அமைத்தார்.

குழுவின் தலைவர் கண்காணிப்பாளர். தொழில்நுட்ப உறுப்பினர் அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. ஒருமுறை மின்விசிறியைத் தனியொருவராகக் கழற்றிய அனுபவம் உடையவர். அதைத் திரும்ப மாட்ட வேறு ஆள் வந்தது தனிக் கதை. பாதிக்கப்பட்டோர் சார்பில் வீட்டு உரிமையாளர் மூன்றாம் உறுப்பினரானார். மனைவியார் 'பயனாளி' ஆதலால், நடுநிலை கெடும் என்று சேர்க்கப்படவில்லை. அவர் மூவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது ஒரு வார்த்தை சொன்னார்.

"அந்தப் பையில புக்கு இருக்கே. பிரிச்சுப் பாத்தா என்னன்னு தெரிஞ்சிடாதா?"

கண்காணிப்பாளர் கனிவோடு புன்னகைத்தார். "பிரிச்சா பழசாயிடும்மா," என்றார். இக்கருத்து 'வெளியார் தலையீடு' என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

குழுவின் முதல் தீர்மானப்படி இயந்திரத்தின்மேல் நான்கு மணல் மூட்டைகள் ஏற்றப்பட்டன. அது நான்கையும் இறக்கிவைத்துவிட்டுப் புறப்பட்டது. இரண்டாம் தீர்மானப்படி சன்னல் கம்பியோடு கயிற்றால் பிணைக்கப்பட்டது. அதன்பின் சன்னலும் ஆடத் தொடங்கியது. எதிர் வீட்டார் தங்களை யாரோ அழைப்பதாக எண்ணி இருமுறை எட்டிப் பார்த்தனர். பெரும் விவாதத்துக்குப் பிறகு மைத்துனர் மூன்றாம் தீர்மானத்தை முன்மொழிந்தார்.

"மாமா, மூட்டைக்கு அறிவு கெடையாது, அதனால விழுந்துடுது. மேல ஒரு ஆள் உக்காந்தா விழாம பாத்துக்குவாங்க."

"யாரு உக்கார்றது?" என்று உரிமையாளர் கேட்டார்.

மூவரும் பயனாளியைப் பார்த்தனர்.

இவ்வாறாக மனைவியார், குழுவில் இடம் பெறாவிடினும், இயந்திரத்தின்மேல் இடம் பெற்றார். பிழியும் கட்டம் பன்னிரண்டு நிமிடம். அப்பன்னிரண்டு நிமிடமும் அவர் ஒரு கையால் இயந்திரத்தின் விளிம்பைப் பற்றியவாறு பல் கிடுகிடுக்க வீற்றிருந்தார். ஒருநாள் அந்நேரம் பார்த்துத் தொலைபேசியில் அழைத்த அவருடைய அக்கா, தங்கையின் குரல் நடுங்குவதைக் கேட்டு, வீட்டில் துக்கம் என்று முடிவு செய்து புறப்பட்டு வந்துவிட்டார். வந்தவரும் நிலைமையைக் கண்டு துக்கம் என்றே உறுதி செய்து திரும்பினார். இயந்திரமோ முன்போலவே கூடத்துக்கு நடந்தது. முன்பு தனியாக நடந்தது. இப்போது மனைவியாரோடு நடந்தது. ஆயினும் வேகம் சற்றுக் குறைந்திருப்பதாகக் கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைக் கொண்டு நிறுவி, அதைக் குழுவின் 'முதற்கட்ட வெற்றி' என அறிவித்தார்.

உரிமையாளரின் படுக்கைமேல் உள்ளங்கை அகலக் காரை விழுந்த நாளில் அவர் குழுவிலிருந்து விலகினார். உறுப்பினராக வந்தவர், உரிமையாளராக எழுந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு அந்த மெஷின் போகணும், இல்ல நீங்க போகணும். உங்களுக்கு எது வசதியோ பாத்துக்குங்க சார்."

கண்காணிப்பாளர் கலங்கவில்லை. இயந்திரத்தை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புவது என்று நொடியில் முடிவெடுத்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மெக்கானிக் வந்து பார்வையிட்டு, பழுது என்று எழுதித் தந்தால் வண்டியில் எடுத்துச் செல்வதாக நிறுவனம் தெரிவித்தது. உண்மையில் அவர் உள்ளூர மகிழ்ந்தார். இத்தனை தூய நிலையில், உறை குலையாமல், ஒரு பொருள் அதைச் செய்தவர்களிடமே திரும்பிச் சென்றதாக வரலாறு இல்லை. மனைவியார் மட்டும் வாசற்படியில் நின்றார்.

"அப்ப துணியெல்லாம்?"

"முன்ன மாதிரிதான்."

"முன்ன மாதிரின்னா என் கையிலதானே?"

கை பழுதாகவில்லை, வீங்கித்தான் இருக்கிறது என்று அவர் விளக்கினார். மனைவியார் மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்தபடி உள்ளே போனார். விளக்கம் ஏற்கப்பட்டது என்று கண்காணிப்பாளர் கொண்டார்.

ஞாயிறு காலை, எடுத்துச் செல்லும் வழியில் உறையில் கீறல் விழாமலிருக்கப் பழைய கம்பளிகள் இரண்டு தேடிக் கண்காணிப்பாளரும் மைத்துனரும் வெளியே சென்றனர். தேடல் நீண்டது. அவர்கள் திரும்பியபோது மணி பத்தரை ஆகியிருந்தது. வீடு நிசப்தமாக இருந்தது. மின்தடை போலும் என்று எண்ணியபடி கண்காணிப்பாளர் உள்ளே நுழைந்தார்.

இயந்திரம் தன் மூலையில் நின்றது. உறை இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னே போர்வைகள் கண் கொள்ளா வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. மேலே ஒரு டம்ளர் தண்ணீர். அந்தத் தண்ணீர் அசையவில்லை. டம்ளருக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் நான்கு இரும்பு போல்ட்டுகளும், ஒரு சிறிய ஸ்பேனரும், கிழிந்த ஒரு பையும் கிடந்தன. மெக்கானிக் முக்காலியில் அமர்ந்து படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளரின் பார்வை சுழலும் போர்வையில் நிற்கவில்லை. கிழிந்த பையில் நின்றது.

"யாரு பிரிச்சது?"

"நான்தான்," என்றார் மனைவியார். "கை வரல. பல்லால கடிச்சுக் கிழிச்சேன்."

மெக்கானிக் எழுந்து நின்று பணிவுடன் விளக்கினார். "லாரில வரும்போது டிரம்மு ஆடாம இருக்க இந்த நாலு போல்ட்டையும் போட்டு அனுப்புவாங்க சார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா கழட்டணும். புக்குல முதல் பக்கமே அதான். கழட்டலன்னா டிரம்மு தனியா ஆடாது, மெஷினே சேந்து ஆடும். ஸ்பேனர்கூடப் பையில வச்சுத்தான் குடுப்போம். நான் வர்றதுக்குள்ள அம்மாவே கழட்டிட்டாங்க, இடது கையால."

அப்போது உரிமையாளர் மேலே வந்தார். சத்தம் இல்லாததால், இயந்திரம் போய்விட்டது என்று நம்பி நன்றி சொல்ல வந்திருந்தார். சுழலும் போர்வைகளைக் கண்டார், டம்ளரைக் கண்டார், இயந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு, மெஷின், குடித்தனம் இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கண்காணிப்பாளர் ஒருவர்தாம் கொள்கையைக் கைவிடாதவர். அவர் நான்கு போல்ட்டுகளையும் உள்ளங்கையில் ஏந்தி, இவற்றை இருந்த இடத்திலேயே பொருத்தி, உறையையும் மாட்டித் தர இயலுமா என்று மெக்கானிக்கிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். மெக்கானிக் மனைவியாரைப் பார்த்தார். மனைவியார் ஸ்பேனரை எடுத்துத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார். வேண்டுகோள் அத்துடன் முடிவுக்கு வந்தது.

எஞ்சியது படிவம். அதில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். 'பழுதுக்குக் காரணமான பாகம்' என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லையாம். இயந்திரத்தில் எந்தப் பாகமும் கெடவில்லை. போல்ட்டுகளும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தவையே. விட்டுவிடலாமா என்று கேட்டார். கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் அவர் குரலில் ஒலித்தது.

"ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அது செல்லாத ஃபாரம். காரணம் இல்லாம பழுது வராது. தெரிஞ்சவங்க எழுதுங்க."

மனைவியார் கை நீட்டினார். மெக்கானிக் பேனாவைத் தந்தார். பேனா பிடிக்க வலித்தது; ஆகவே மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, அழகாக எழுதினார். முதல் கட்டத்தில், 'பழுதுக்குக் காரணமான பாகம்: என் கணவர்.' அடுத்த கட்டத்தின்மேல் பேனா சற்று நேரம் நின்றது. பின்னர் அதையும் நிரப்பினார். 'மாற்றித் தரக் கோருகிறீர்களா: இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்து வெகுகாலம் ஆயிற்று.'

கண்காணிப்பாளர் படிவத்தை வாங்கித் தொடக்கத்திலிருந்து இருமுறை படித்தார். காலிக் கட்டம் இல்லை. அடித்தல் திருத்தல் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. குறை காண இயலாத ஓர் ஆவணத்தில் கையொப்பமிட மறுப்பது அவர் வகித்த பதவிக்கு அழகன்று. 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று எழுதி, அதன்கீழ்த் தம் பெயரை முழுமையாக இட்டார்.