மகளும் கிரேனும் ஒரே படத்தில்

பேரன்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, உங்கள் மருமகள் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் முழங்கால் வலி இல்லாமல் மாடி ஏறி இறங்குவீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு செருப்பு போய்விட்டது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. செருப்புக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் நீங்கள் போனில், "அவ அந்த கிரேனோட இருக்கிற மாதிரி ஒரு படம் பெருசாப் போட்டு அனுப்புடா, ஹால்ல மாட்டணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் டவர் கிரேன் ஓட்டுகிற பயிற்சிக்குப் போகிறாள் என்றதும், "பொம்பளப் புள்ள அந்தரத்துல உக்காந்து வேலை பாக்கிறதா? அவ இறங்கி வர்ற வரைக்கும் எங்கிட்டப் பேச வேண்டாம்" என்றவர் நீங்கள். அவள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கித்தான் வந்தாள், நீங்கள்தான் பேசவில்லை. போகட்டும். கேட்டுவிட்டீர்களே, அது போதும்.

ஆனால் அக்கா, முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். படம் நெடுக்குவாட்டத்திலா, படுக்கைவாட்டத்திலா? உங்கள் ஹால் எனக்கு மனப்பாடம். கடிகாரத்துக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு இடம் இருக்கிறது. அங்கே நெடுக்குப் படம்தான் மாட்ட முடியும், அதுவும் கதவைத் திறந்தால் மறைந்துவிடும். சோபாவுக்கு மேலே அகலமான இடம், உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம். அங்கே அத்தானின் பிரிவு உபசாரப் படம் முப்பது பேரோடு தொங்குகிறது. நீங்கள் எந்த இடத்தை மனதில் வைத்துக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. திருப்பிப் போன் செய்து கேட்கலாம்தான், ஆனால் நீங்கள் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துபோய்க் கேட்கவில்லை.

மகள் தன் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்த கேமராவை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை அவள் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். இன்ஜினியர் நல்ல மனுஷன், அனுமதி கொடுத்துத் தலையில் ஒரு ஹெல்மெட்டையும் கவிழ்த்துவிட்டார். நான் முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் இருந்தவன், அக்கா. அலமாரியில் புத்தகம் நிமிர்ந்து நிற்க வேண்டும், படுத்திருந்தால் எனக்குக் கை பரபரக்கும். அதனால் கேமராவையும் நிமிர்த்தியே பிடித்தேன். கிரேனின் உயரம் அடி முதல் நுனி வரை அழகாக வந்தது. ஆனால் உச்சியில் குறுக்கே நீளும் அதன் கை இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுவிட்டது. வீட்டுக்காரியிடம் காட்டினால், "என்னங்க இது, தெரு விளக்குக் கம்பத்தைப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க?" என்கிறாள். மறுநாள் படுக்கவைத்து எடுத்தேன். கை முழுசாக வந்தது, உயரம் போயிற்று. "இப்ப கம்பம் இல்ல, துணி காயப்போடுற கொடி" என்றாள். இரண்டிலும் நம் பெண், உட்கார்ந்து ஓட்டுகிற கண்ணாடிக் கூண்டுக்குள் கடுகளவு. தொட்டுத் தொட்டுக் காட்டி, "இதோ இவதான்" என்று நானே சொல்ல வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை ஒரு முடிவோடு போனேன். பின்னால் போகப் போக எல்லாம் அடங்கும் இல்லையா, அதனால் கண்ணைக் கேமராவில் வைத்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனேன். உயரம் அடங்கிற்று, கையும் முக்கால்வாசி அடங்கிற்று, இன்னும் நாலே அடிதான் பாக்கி. அப்போது மேஸ்திரியின் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் மகளின் குரல், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி: "அப்பா, அசையாதீங்க. நீங்க ஈரக் கான்கிரீட்ல நிக்கிறீங்க." வாட்ச்மேன் ஓடி வந்து இழுத்ததில் நான் வந்தேன், இடது செருப்பு வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமே வரவில்லை, அக்கா. அறுபது மீட்டர் உயரத்தில் இருந்து அவள் என் காலைக் கவனித்திருக்கிறாளே! எத்தனை பேருடைய கால்களை அவள் ஒரு நாளைக்கு இப்படிக் கவனிப்பாள்!

அன்றைக்கே, நான் ஒற்றைச் செருப்போடு ஓரமாக நிற்கும்போதுதான் அது நடந்தது. தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவந்த ஒரு சுவரை, ஜன்னல் ஓட்டையோடு முழுச் சுவரை, அவள் பன்னிரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். பாதி உயரத்தில் திடீரென்று காற்று. அவ்வளவு பெரிய சுவர் காகிதம் மாதிரி ஆட ஆரம்பித்தது. இன்ஜினியர் கத்தி எல்லாரையும் விலக்கினார். மேஸ்திரி வாக்கி டாக்கியில், "பதறாதம்மா, பதறாத" என்றார். "நான் பதறலண்ணே, நீங்க ஆளுங்களத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. காத்து அடங்கட்டும், அதுவரைக்கும் இப்படியே வச்சிருக்கேன்" என்றாள். பதினேழு நிமிஷம், அக்கா. நான் கடிகாரம் பார்த்தேன். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை, ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி கிரேன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அந்தச் சுவரை அமைதிப்படுத்தினாள். தொட்டில் குழந்தையைத் தூங்கவைப்பார்களே, அந்த மாதிரி. காற்று விட்டதும் பூப்போலத் தரையில் இறக்கினாள். நான் சுவரைப் பார்க்கும்போது கேமராவை நிமிர்த்தினேன், கிரேன் கை திரும்பும்போது படுக்கவைத்தேன், நிமிர்த்தினேன், படுக்கவைத்தேன். கடைசியில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பொத்தானை அமுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

அவள் ஏணியில் இறங்கி வந்தாள். அந்த மேஸ்திரி யார் தெரியுமா? அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "இந்தப் பொண்ணு கிரேன் ஓட்டினா என் ஆளுங்க பக்கத்துல வர மாட்டாங்க" என்று சொன்னவர். அவர் தன் டீயை அவள் கையில் கொடுத்து, "ஏம்மா, உனக்கு நடுக்கமே இல்லையா?" என்றார். "கால் நடுங்குச்சுண்ணே. ஆனா காலுக்கு அங்க வேலை இல்லையே" என்றாள். எல்லாரும் ஓ என்று சிரித்தார்கள். நான் அவளை மட்டும் நிமிர்த்தி எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினேன். மேஸ்திரி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். கம்பி கட்டுகிறவர் வந்தார், வாட்ச்மேன் வந்தார், அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் மூன்று பேர். கூட்டம் அகலமாகிக்கொண்டே போனது, நானும் கேமராவைப் படுக்கவைத்தேன். அப்படி எடுத்த படத்தைத்தான் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

கிரேன் எங்கே என்று கேட்பீர்கள். அவள் முதுகுக்குப் பின்னால் நாலு மஞ்சள் கம்பி தெரிகிறது பாருங்கள், அதுதான். ஆகவே இது படுக்கைவாட்டப் படம். ஆகவே இது சோபாவுக்கு மேலேதான் மாட்ட வேண்டிய படம். அத்தான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் படத்தைக் கடிகாரத்துப் பக்கம் நகர்த்திவிடுங்கள், கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும், ஆனால் முப்பது பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் துணை.

அத்தானுக்கு என் வணக்கம். இத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் உங்கள் மருமகளை மனதில் வைத்திருந்ததற்கு உங்கள் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். நூறு வயது நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்போடு, ஆனால் தலை நிமிர்ந்து,
உங்கள் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் வந்து கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, இனிமே நான் இந்த கிரேன்ல இல்ல. ஆத்துக்குக் குறுக்க பாலம் கட்டுற எடத்துக்கு மாத்திட்டாங்க, திங்கக்கிழமை போகணும். வியாழக்கிழமை நடந்ததக் கேள்விப்பட்டு அந்தப் பாலத்துக்காரங்களே என்னைக் கேட்டாங்களாம்" என்கிறாள். ஆகவே தயவுசெய்து இந்தப் படத்தை மாட்ட வேண்டாம், இது பழசாகிவிட்டது. புது கிரேன் இதைவிட இரண்டு மடங்கு உயரமாம், அப்படியென்றால் நெடுக்குதான். ஆனால் கையும் இரண்டு மடங்கு நீளமாம், அதனால் எதையும் இப்போது சொல்வதற்கில்லை. நீங்கள் சுவரை மட்டும் காலி செய்து வையுங்கள், அக்கா. முழுச் சுவரையும்.